கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

மட்டக்களப்பிலிருந்து அப்பாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, மாலைப் பூசைக்குக் கோணேசர் கோயிலை அடைந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி அப்பாவின் மொரிஸ் மைனர். 1098 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். என்னைவிட வயதில் மூத்தது.

வாகரை வரை ஒரு குறையும் இல்லை. வெருகல் தாண்டியதும் கியர்த் தண்டு உள்ளங்கைக்குள் நடுங்கத் தொடங்கியது. ஆடிக் கச்சான் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்ததால், காற்றுத்தான் வண்டியை உலுக்குகிறது என்று எண்ணினேன். மூதூரை நெருங்கும்போது சைலன்சர் 'டப், டப்' என்று வெடித்தது. "மூன்று சிலிண்டரில்தான் ஓடுகிறது, பிள்ளை" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அப்படியே மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. எரியாத சிலிண்டருக்குள்ளும் பெற்றோல் போய்க்கொண்டேதான் இருக்கும். சுவரில் படிந்திருக்கும் ஒயிலை அது கழுவிவிடும்; கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் ஒரு பிளக்கின் விலையைப் பார்த்து எஞ்சினையே இழக்க நான் தயாராக இல்லை. கிண்ணியாவில், பாலத்துக்குச் சற்று முன்பாக, வேப்பமர நிழலில் இருந்த சிறிய கராஜ் ஒன்றில் நிறுத்தினேன்.

அங்கிருந்த மெக்கானிக் நானாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "எஞ்சினை நிறுத்த வேண்டாம், மகள்" என்றார். ரப்பர் பிடிபோட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவனை விலக்கினால் வீட்டுக்கு என்ன நட்டம்!

சூடு தணியும் வரை காத்திருந்தோம். வெறுந்தேநீர் வந்தது. பிறகு பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை அவர் ஊதித் துடைத்தார். கழற்றும்போது அது சிலிண்டருக்குள் விழுந்துவிடக் கூடாதே. மற்ற மூன்று பிளக்குகளின் முனைகளும் தேநீர் நிறத்தில் இருந்தன. அதுதான் நல்ல நிறம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. ஒயில் பிசுபிசுத்தால் உள்ளே தேய்மானம். வெளுத்திருந்தால் மிகையான சூடு. மூன்றாவது பிளக்கோ பெற்றோலில் நனைந்து ஈரமாக இருந்தது. தீப்பொறியே வரவில்லை.

அத்துடன் அவர் முடிவு சொல்லவில்லை. அதைத் துடைத்து ஒன்றாம் சிலிண்டரில் பூட்டி, அங்கிருந்ததை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றினார். குறையும் கூடவே இடம்மாறி ஒன்றாம் சிலிண்டருக்குப் போனது. "வயரில் பிழை என்றால் மூன்றிலேயே நின்றிருக்கும்" என்றார். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தெரிந்தது. மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. ஸ்பானரைச் சரித்துப் பிடித்தால் பீங்கான் இப்படி வெடிக்குமாம். இரண்டு மாதங்களுக்கு முன்பு அதைப் பூட்டியது நான்தான்.

டிக்கியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பழைய பிளக் ஒன்றை அப்பா வைத்திருந்தார். நானா அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, முனையிலுள்ள இடைவெளியைத் தகடு வைத்து 0.64 மில்லிமீற்றருக்குச் சரிசெய்தார். ஸ்பானரை என் கையில் தந்து, முதலில் விரலாலேயே சுழற்றி இறுக்கச் சொன்னார். ஸ்பானர் கடைசியில் சிறிது நேரத்துக்குத்தான்.

பாலத்தில் ஏறினோம். 2009இல் திறக்கப்பட்ட இந்த 396 மீற்றர் நீளப் பாலம் வருவதற்கு முன்பு இங்கே ஓடியது 'பாதை' என்னும் மிதவைதான். இதே காரை அதில் ஏற்றிக் கடந்த கதையை அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். வலப்புறம் கொட்டியாரக் குடா மின்னியது. எனக்குக் காது முழுவதும் எஞ்சினிலேயே இருந்தது. நான்கும் ஓடின.

மாலைப் பூசை தவறிவிட்டது. மறுநாள் காலை கோணேசரை வணங்கிவிட்டு இறங்கியதும், திருகோணமலை நகரில் நான்கு புதிய பிளக்குகள் வாங்கினேன். தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் அவற்றை நானே பூட்டினேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, கழற்றியவற்றில் நல்ல மூன்றையும் தாளில் சுற்றினார்.