9-ஆம் வீட்டுக்காரி: நாவல் எழுதும் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

பதினான்கு வீடுகளில் பத்தை இன்று இடித்துத் தள்ளினேன். காகிதத்தில்தான். ஒரு சிற்றூரும் அதில் மூன்று நான்கு குடும்பங்களும் இருந்தால் அதுவே நாவலுக்குத் தோதானது என்று ஜேன் ஆஸ்டின் 1814-இல் தம் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நானோ புறநகர்ப் பணக்காரக் குடியிருப்பு ஒன்றை முழுதாக வளைத்துப் போட்டுவிட்டு, யார் யாருடைய கணவர் என்று தெரியாமல் சுவரில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மிச்சம் 2, 7, 9, 11. பெண்களுக்குப் பெயர் வைக்கவில்லை. அங்கே வீட்டு எண்ணே போதும். அதைச் சொன்னாலே நீச்சல்குளம் உண்டா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 6

7-ஆம் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு இரவுகள் கறுப்புக் கார் ஒன்று வருகிறது. கணவர் வெளியூரில் இருக்கும் இரவுகள். கள்ளத்தொடர்பு என்று குடியிருப்பு தீர்ப்பெழுதிவிடுகிறது.

எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

பிப்ரவரி 7

காரில் வருகிறவன் காதலன் இல்லை, நகை மதிப்பீட்டாளன்! நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து எழுதிவைத்தேன். கணவரின் தொழில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. 7 ஒவ்வொரு நகையாக விற்கிறாள். ஊர் வேறு மாதிரிப் பேசுவது அவள் காதுக்கும் வருகிறது; மறுப்பதில்லை. காதலன் இருக்கிறான் என்று நம்பினால் அடுத்த விருந்துக்கும் அழைப்பார்கள், முதல் அழைப்பே அவளுக்குத்தான் வரும். பணம் இல்லை என்று தெரிந்துவிட்டால் அழைப்பு அச்சடித்தவரே முகவரியை மறந்துவிடுவார்.

உண்மை தெரிந்தவள் 9 மட்டும்.

பிப்ரவரி 12

பெரிய அவமானத்தை மறைக்கச் சின்ன அவமானம் ஒன்றை முன்னால் நிறுத்துவது என் கண்டுபிடிப்பு என்று ஐந்து நாள் மிதப்பில் இருந்தேன். ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' நாடகம் 1777-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கிலேயே அதைச் செய்துவிட்டது. அடுத்தவர் மனைவி தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அவள் கணவர் அதே அறைக்குள் வந்துவிடுகிறார். வீட்டுக்காரன் பதறாமல், பின்னால் இருப்பது தொப்பி தைக்கும் ஒரு பிரெஞ்சுப் பெண் என்று குறைந்த பாவம் ஒன்றை ஒப்புக்கொள்கிறான். கணவருக்கு ஒரே குதூகலம். பிறகு இன்னொருவன் தட்டியைத் தள்ளிவிடுகிறான்.

என் நாவலில் தட்டி எது என்று மாலைவரை யோசித்தேன். வாயிற்காவலரின் வருகைப் பதிவேடுதான். திருடர்களைத் தடுக்கக் கட்டிய வாயில், குடியிருப்பவர்களின் ரகசியத்தை நாள், நேரம், வண்டி எண்ணோடு எழுதிவைக்கிறது. 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் மதிப்பீட்டாளன் நாணயமாக 'சொந்த வேலை' என்று எழுதுகிறான். 11 அதைக் கைபேசியில் படமெடுத்துவிடுகிறாள்.

பிப்ரவரி 15

9 என்ன செய்வாள்?

தோழி என்றாலே நமக்குச் சங்க அகப்பாடல்களின் தோழிதான். ரகசியம் அவளிடம் இருக்கிறது, ஊர் முணுமுணுக்கிறது. மொட்டாக இருக்கும்வரை அம்பல். வாய்விட்டுப் பேசினால் அலர். வம்புக்குப் பூவின் பருவத்தை வைத்துப் பெயரிட்டவர்கள் அதை ரசித்துத்தான் கேட்டிருக்கவேண்டும். இனி தாங்காது என்ற நிலையில் தோழி செவிலித்தாயிடம் உண்மையை உடைக்கிறாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர்.

என் 9-க்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் 7 அழிவாள். பொய் வம்பைக் காப்பாற்றுவதுதான் இங்கே நட்பு. அவளை மௌனமாக, கலங்கிய கண்களோடு, மிக நல்லவளாக எழுதினேன். முப்பது பக்கம்.

பிப்ரவரி 18

எழுதவில்லை. முப்பது பக்கத்தையும் வாசித்தேன். 9 நல்லவளாகவே இருக்கிறாள். கெட்ட செய்திதான்.

பிப்ரவரி 20

கையெழுத்துப் பிரதியைத் தோழியிடம் கொடுத்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம். என் எழுத்தை வாசித்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்லாத ஒரே மனிதர்.

பிப்ரவரி 24

தொலைபேசியில் முதல் வார்த்தையே, "9 பொம்மை மாதிரி இருக்கிறாள்."

"அவள் தோழிக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்," என்றேன்.

"ஊரே வந்து விசாரிக்கும்போது எவளால் மூடிக்கொண்டிருக்க முடியும்? உனக்கு வேலை போன அந்த ஆறு மாதம், உனக்கு முதுகுவலி, ஓய்வில் இருக்கிறாய் என்று எல்லோரிடமும் சொன்னேனே, நினைவிருக்கிறதா?"

நினைவிருக்கிறது. நன்றிகூடச் சொன்னதில்லை.

"முதலில் முதுகுவலி மட்டும்தான். எந்த இடத்தில் என்று கேட்டார்கள், ஓர் எலும்பைச் சொன்னேன். யார் பார்க்கிறார் என்று கேட்டார்கள், மருத்துவர் ஒருவரை உருவாக்கினேன். குறைவாகப் பேசுவார், கைராசிக்காரர். கடைசியில் இரண்டு பேர் அவருடைய எண்ணைக் கேட்டார்கள்."

"எனக்காகத்தானே சொன்னாய்?"

"உனக்காகத்தான். ஆனால் சொல்லச் சொல்ல ருசியாக இருந்தது. அந்த ருசி உன் 9-இடம் இல்லை."

கோபம் வந்தது. நியாயமான எந்தக் காரணமும் கிடைக்காத கோபம்.

பிப்ரவரி 25

குறிஞ்சிப்பாட்டை எடுத்துப் பார்த்தேன். பாட்டு முழுக்கத் தோழி செவிலியிடம் பேசுவதுதான். சொல்லவேண்டியதோ ஒரே செய்தி: இவள் ஒருவனை விரும்புகிறாள். அதற்குள் யானை வருகிறது, வெள்ளம் வருகிறது, பறித்துக் குவித்த பூக்கள் மட்டும் தொண்ணூற்றொன்பது! தலைவியைக் காப்பாற்ற இத்தனை பூ தேவையில்லை. பல வருடங்களாக இந்தப் பட்டியலைக் கபிலரின் தாவர அறிவு என்றுதான் நினைத்திருந்தேன். இன்று, பேசுகிற பெண் அடக்கமுடியாமல் மகிழ்ந்துகொண்டிருக்கிறாள் என்று பட்டது. புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

மார்ச் 1

முப்பது பக்கமும் போயிற்று. புதிய 9, வாயிற்பதிவேட்டின் படம் பரவிய மறுநாள் காலை 11-இன் வரவேற்பறையில் போய் உட்கார்ந்து, "நான் எதையும் சொல்லமாட்டேன்," என்று தொடங்குகிறாள். பிறகு சொல்கிறாள். காதலனுக்கு உயரம் தருகிறாள், கரகரத்த குரல் தருகிறாள், இறந்துபோன மனைவி ஒருத்தியையும் தருகிறாள். 11 அழுதேவிடுகிறாள். தன் தோழியைக் காப்பாற்றுகிறோமா விற்கிறோமா என்ற கேள்வி 9-க்குத் திரும்பி நடக்கும்போதுதான் வருகிறது, அதுவும் 2-ஆம் வீட்டு வாசல்வரைதான். அங்கே அவளுக்காக 2 காத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 4

நீச்சல்குளக் காட்சி முடிந்தது. தன் காதலனைப் பற்றி 7 முதன்முறையாக முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். நெடுநேரம் பேசவில்லை. கழுத்தில் போலி நகை. பிறகு, "மனைவி செத்தது கொஞ்சம் அதிகம்," என்கிறாள்.

அந்தப் பக்கங்களை மட்டும் தோழிக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "இப்போது பரவாயில்லை. அந்த மருத்துவரையும் உள்ளே கொண்டுவா, ஆறு வருடமாகச் சும்மா இருக்கிறார்."