இருநூறு ரூபாய் லீவு

ஏப்ரல் 26, 2025, சனி

ஒரு மணி நேரத்துக்கு 1,340 ரூபாய். ஏசி மாலில் பிள்ளைகள் குதித்து விளையாடும் இடம், பெயர் எதற்கு? பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலரை. அவர்கள் இருவருக்கும் டிக்கெட், காவலுக்கு உள்ளே நிற்கும் எனக்கும் டிக்கெட். போதாததற்கு, வழுக்காத சாக்ஸை அங்கேயே வாங்கிப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். வீட்டில் சாக்ஸ் மூட்டையாகக் கிடக்கிறது. சின்னவன் பந்துக் குவியலில் பத்து நிமிடம் புரண்டான். மீதி நேரம் கண்ணாடி லிஃப்ட் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு டிக்கெட் இல்லை.

ராத்திரி அவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் 2. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இனி எங்கே போனாலும் பஸ், டிக்கெட், தீனி எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. "ஒரே ஒரு தடவை மட்டும் மீறிக்கலாம்" என்றார். என்னத்தையோ மனதில் வைத்திருக்கிறார். சரி என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

மதுரை புதூரிலிருந்து நத்தம் ரோடு நூலகத்துக்குப் போய் வர நான் ஒருத்தி போதும். கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கட்டடத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. உள்ளே போகக் காசில்லை, ஏசியும் ஓடுகிறது. சிறுவர் பகுதியில் பெரியவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், ஒன்றரை மணி நேரம் நிமிரவே இல்லை.

சின்னவன் கதை வேறு. ஒரு புத்தகத்தில் டைனோசர் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, "அடுத்தது எங்கம்மா?" என்றான். வெளியே வரும் வழியெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே நின்று, "அம்மா, ஒண்ணுக்கு!" என்று கத்தினான். நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. ஒரு பையன் சிரித்துக்கொண்டே கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினான்.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் கழிப்பறை, அப்புறம் நிழல், அப்புறம் தண்ணீர். பார்க்க என்ன இருக்கிறது என்பது நாலாவதுதான். காசு இல்லாமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். முதல் மூன்றும் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்ட முடியாது.

மே 3, சனி

விடிவதற்குள் கிளம்பிப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் கீழக்குயில்குடி பஸ் பிடித்தோம். டவுன் பஸ்ஸில் எனக்கும் பெரியவளுக்கும் காசில்லாச் சீட்டு. சின்னவனுக்கு அஞ்சு வயது ஆகவில்லை. குடும்பத்திலேயே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். "என்னையும் யாராச்சும் தூக்கிக்கிட்டா ஃப்ரீயா?" என்று கேட்டார். கண்டக்டர் சிரிக்கவில்லை.

சமணர் மலை அடிவாரத்தில் ஐயனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். மரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். மலை உச்சிவரை ஏறும் எண்ணமெல்லாம் இல்லை. செட்டிப்புடவு குகைக்குக் கொஞ்சம் ஏறினாலே போதும், சின்னவன் தானே நடந்து வந்துவிட்டான். குகைக்கு வெளியே பாறையில் சமணர்கள் கும்பிடும் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தின சிற்பம். நீளக் காதைப் பார்த்து யாரோ செட்டியார் என்று ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டதால்தான் செட்டிப்புடவு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பெரியவள் தன் காது மடலை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். உள்ளே மேல்விளிம்பில், சிங்கத்தின் மேல் ஏறி யானையோடு சண்டை போடும் பெண் உருவம். "இந்தம்மா யாரு? யாரு ஜெயிச்சா?" என்றாள். இயக்கி, சமணர்களின் பெண் தெய்வம் என்று சொல்லத் தெரிந்தது. யார் ஜெயித்தது என்று கேட்டால்? "இந்தம்மாதான்" என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பேச்சிப்பள்ளம் போகப் பாறையில் வெட்டின படிகள் இருக்கின்றன. அவர் மட்டும் பெரியவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். வரிசையாகச் சிற்பங்கள், அடியில் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தான வட்டெழுத்து. "ஜிலேபி மாதிரி எழுதியிருக்காங்கம்மா!" ஒன்பது மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்தது, இறங்கிவிட்டோம். திரும்பும் வழியில் நுங்கு. மொத்தச் செலவு 110 ரூபாய்.

ஒன்று மட்டும் வயிற்றைக் கலக்கியது. சிற்பங்களுக்குப் பக்கத்துப் பாறையிலேயே ஜோடிப் பெயர்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். வட்டெழுத்தை ஜிலேபி என்றவள் அதைத் தெளிவாக எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

மே 4, ஞாயிறு

கத்திரி பிறந்தாச்சு. எங்கும் போகவில்லை. வாளித் தண்ணீர், மொட்டைமாடி, ராத்திரி பாய்.

மே 11, ஞாயிறு

மதுரையில் கோடை லீவுக்கு என்ன செய்வது என்று கேட்பவரிடம் சித்திரைத் திருவிழா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நாலு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக்குள் நிற்கச் சொல்ல மாட்டேன். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அப்போது சின்னவன் கைக்குழந்தை. நாங்களும் போவதாக இருந்து, காய்ச்சல் என்று நின்றுவிட்டோம். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

அதற்கு முந்தின நாள், வழியிலேயே அழகரை எதிர்கொண்டு கும்பிடும் எதிர்சேவைதான் பிள்ளைகளுக்கு ஏற்றது. நாங்கள் இருப்பது புதூர் என்பதால் அழகர்கோவில் ரோடு கூப்பிடு தூரம். மலையிலிருந்து வருகிறவர், வழியில் சாமி தங்கிப்போகும் மண்டகப்படி ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் வருவார். ஓரிடத்தில் கூட்டம் நெருக்கினால் அடுத்த மண்டகப்படிக்கு நகர்ந்துகொள்ளலாம். கூடவே ஒரு சந்தையும் நகர்ந்து வரும். அத்தை (என் மாமியார்) சொம்பு நிறையச் சர்க்கரை போட்டு, வாழை இலையால் மூடி, மேலே சூடத்தை ஏற்றிக்கொண்டு நின்றார். "அப்பத்தா, சர்க்கரை உருகிடாதா?" என்பதுதான் சின்னவன் கவலை முழுக்க.

அழகர் கள்ளர் வேசத்தில் பல்லக்கில் வந்தார். பின்னால் வரிசையாக உண்டியல் வண்டிகள். சல்லடம் கட்டிக் கருப்பசாமி வேசம் போட்ட ஒருவர் தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்ச, சின்னவன் மேல் ஒரு கோடு விழுந்தது. முதலில் அழுகை. அடுத்த நிமிடம், "இன்னொரு தடவை அடிங்க" என்று அவர் பின்னாலேயே ஓட்டம். ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்.

தீனிச் செலவு பூஜ்யம். நீர்மோர், பானகம், புளியோதரை, தர்பூசணிக் கீற்று, பனையோலை விசிறி. யாரும் காசு கேட்கவில்லை, வேண்டாம் என்றால்தான் கோபித்துக்கொள்கிறார்கள். பெரியவள் எண்ணிக்கொண்டே வந்தாள், ஆறு டம்ளர் மோர். இதெல்லாம் நடக்கையில் கழிப்பறை விதியை நான் மறந்தே போனேன். அத்தையின் சிநேகிதி வீடு பக்கத்தில் இருந்ததால் மானம் தப்பியது.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்குவதை விடியற்காலை டி.வி.யில் பார்த்தோம். தங்கக் குதிரை வந்ததும் அத்தை எழுந்து நின்று கும்பிட்டார். சின்னவன் தூக்கத்திலேயே கோவிந்தா என்றான்.

மே 17, சனி

கீழடி. சிலைமான் தாண்டினதும் வந்துவிடுகிறது. சிவகங்கை மாவட்டம் என்றாலும் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 2023 மார்ச்சில் திறந்த அகழாய்வு அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாக இருக்கிறது. நாலு பேருக்கும் சேர்த்து நுழைவுச் சீட்டு ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று பெரியவளிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவளுக்கு அப்பத்தா காலமும் பாண்டியர் காலமும் ஒன்றுதான். பானை ஓட்டில் ஆதன் என்று கீறியிருப்பதைக் காட்டியபோது, "அவன் டிபன் பாக்ஸ்ல பேரு எழுதியிருக்கான்" என்றாள். அதுவும் சரிதானே. கண்ணாடிப் பெட்டிக்குள் தாயக்கட்டை, ஆட்டக்காய், வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லு. அங்கேதான் அவள் நின்றுவிட்டாள். "அம்மா, இது பாண்டிச் சில்லும்மா! நம்ம தெருவுல விளையாடுறதே!" பக்கத்தில் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், "நாங்க சின்னதுல ஓட்டை உடைச்சுத் தரையில தேய்ப்போம் தாயி" என்று செய்து காட்டினார். அதற்கப்புறம் எங்கே எதைக் காட்டினாலும் அவள் கண் தரையிலேயே இருந்தது, ஓடு தேடி.

வீட்டுக்கு வந்ததும் உடைந்த பூந்தொட்டி ஒன்று பலியானது. அதில் தேய்த்த சில்லு இப்போது அவள் தலையணைக்கு அடியில்.

மே 20, செவ்வாய்

சாயங்காலம் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது. தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் என்று அத்தை கதை சொன்னார். காற்று, பருத்திப்பால், ஒரு பலூன். எண்பது ரூபாய்.

மே 24, சனி

அவர் மனதில் வைத்திருந்தது ராமேஸ்வரம் பாசஞ்சர் ரயில். புதுப் பாம்பன் பாலம் திறந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. 2022 டிசம்பருக்குப் பிறகு அதுவரை தீவுக்குள் ரயிலே போகவில்லை. எங்கள் பிள்ளைகள் கடல் மேல் ரயிலைப் பார்த்ததே கிடையாது. முன்பதிவில்லாப் பெட்டி. எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள், பெரியவளுக்கு அரை டிக்கெட், சின்னவனுக்குக் கிடையாது. இருநூறைத் தாண்டியது. அந்த ஒரு தடவை இதுதான்.

காலையில் மதுரை ஸ்டேஷனில் இடம் பிடிப்பது தனி வித்தை. துண்டைப் போடுகிறவர்களோடு சண்டைக்கு நிற்காமல் கடைசிப் பெட்டி வரை நடந்தால் சன்னல் கிடைக்கிறது. மானாமதுரைக்கு முன்பே எலுமிச்சை சாதம் காலி.

பாலத்துக்கு வந்ததும் ரயில் மெதுவானது. பெட்டியே எழுந்து நின்றது. பக்கத்திலேயே 1914-இல் கட்டிய பழைய பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டு கை மாதிரி மேலே விரியும், புதுப் பாலத்திலோ நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேராக மேலே போகும் என்று அவர் விளக்கினார். சின்னவன் கண் விரிந்தது. "பாலத்துக்கு லிஃப்ட்டா?" அதோடு முடிந்தது. கடலைப் பார்க்கவில்லை, படகைப் பார்க்கவில்லை. "எப்ப மேல போகும்?" கப்பல் வரவேண்டும், நாம் மேலே நிற்கும்போது தூக்க மாட்டார்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கும்போது முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

தனுஷ்கோடி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். நிழலில்லாத மணலில் மத்தியானம் பிள்ளைகளோடு என்ன வேலை? பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், அனுமதி இலவசம். அப்புறம் அக்னி தீர்த்தத்தில் ஒரு மணி நேரம். அலையே இல்லாத கடல், சின்னவனுக்கு இடுப்பளவு. கோபம் கரைந்தது. சாயங்கால ரயிலில் பாலம் தாண்டும்போது இரண்டும் தூங்கிவிட்டன. எழுப்பலாமா என்று அவர் கேட்டார். எழுப்பவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டாயிற்று. பசை காயட்டும் என்று வைத்திருந்த இரண்டு அடுக்கைச் சின்னவன் தூரத் தூர நகர்த்தி, நடுவில் ஸ்கேலை வைத்திருக்கிறான். அக்காவின் சில்லுதான் கப்பல். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே ஸ்கேலைத் தூக்கினான்.

ரயில் எங்கேடா என்றேன். "அது வெயிட் பண்ணட்டும்."