பாட்டு நல்லாத்தான் பாடுது, தொட்டாத்தான் சுர்ருங்குது

வேலூர்ல நம்ம கடைக்கு மிக்ஸியும் மோட்டாரும் தான் வரும், காசு போட்டா பாட்டு பாடுற ஜூக்பாக்ஸ் எல்லாம் அபூர்வம். இது ஏலகிரில ஒரு காட்டேஜ் ஓனரோடது, 1950கள்ல அமெரிக்கால செஞ்ச மிஷின், ரெண்டு பின் பிளக்கு, எர்த் கம்பியே கிடையாது. நம்ம 230 வோல்ட்டுக்கு நடுவுல 110ஆ குறைக்கிற ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சி ஓட்டிகினு இருந்தாங்க. "பாட்டு சூப்பரா பாடுதுண்ணா, ஓரத்து பட்டைய தொட்டாத்தான் லேசா சுர்ருங்குது"ன்னாரு. செருப்பு போட்டுகினு தொட்டா லேசா தான் இருக்கும், ஈரத்தரையில வெறுங்காலோட நின்னு தொட்டா தெரியும் சேதி.

முன்னாடி பார்த்தவரு மூணு பின் போட்டு எர்த் குடுத்திருக்காரு, உடனே லீக் பார்த்து கட் பண்ற ஆர்சிசிபி சுவிட்ச் ட்ரிப் ஆயிருக்கு, அதனால எர்த்த வெட்டி விட்டுட்டாரு, ட்ரிப் நின்னுச்சி, எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு கோவமே இதுல தான். 30 மில்லி ஆம்பியர் லீக்குக்கு விழுற சுவிட்ச் விழுதுன்னா அது தன் வேலைய பார்க்குது, எர்த்த வெட்டினா லீக் எங்கயும் போகல, பாட்டு போட வர்ற ஆளு மேல தான் போகும்.

அந்த ஸ்டெப்டவுன் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது உள்ள போற லைனும் வெளிய வர்ற லைனும் ஒரே சுத்துல தான் இருக்கு. ரெண்டு பின்ன திருப்பி சொருகிட்டா ரெண்டுக்கும் பொதுவான காமன் முனைக்கே பேஸ், அதாவது கரண்ட் வர்ற கம்பி, வந்துரும், 110 தானேன்னு தொட்டா தரைக்கு 230 நிக்கும். போதாததுக்கு லைன்லேர்ந்து சேசிஸுக்கு, அதாவது உள்ள இருக்கற இரும்பு பாடிக்கு, பழைய மெழுகு பேப்பர் கண்டென்சர் ஒண்ணு, அதுவே லீக். அத கழட்டி போட்டுட்டு, ஆட்டோவ எடுத்துட்டு, உள்ள போற சுத்தும் வெளிய வர்ற சுத்தும் தனித்தனியா இருக்கற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சேன்.

அப்புறமும் ஆம்ப்ளிஃபயர கழட்டிட்டு இன்சுலேஷன் அளக்கற 500 வோல்ட் மெக்கர் வெச்சி பார்த்தா லைனுக்கும் சேசிஸுக்கும் ஒரு மெகாஓம் கூட வரல, இன்னும் எங்கயோ லீக் இருக்கு. ஒவ்வொரு கிளையா பிரிச்சிகினே வந்தேன், மோட்டார் ஓகே, செலக்டர் ஓகே, டியூப்லைட் சோக்குக்கு போற வயர பிரிச்சதும் மெக்கர் முள்ளு மேல ஏறிடுச்சி. மேல துணி, உள்ள ரப்பர் வயரு, சூட்டுல காஞ்சி வளைச்சா அப்பளம் மாதிரி உதிருது, தகட்டு ஓட்டையில இருந்த ரப்பர் புஷ்ஷும் கல்லாயி செம்பு நேரா விளிம்புல உரசிகினு இருந்துச்சி. டேப் சுத்துற வேலைய நான் ஒத்துக்கறதில்ல, மொத்தமா மாத்தி சூடு படுற இடத்துல ஃபைபர் ஸ்லீவ் போட்டேன்.

அடுத்தது எர்த் குழி. மலையில பாறை, மண்ணு கம்மி. ஓனரு பேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் பல்பு போட்டு "பாருங்கண்ணா, பளிச்சுனு எரியுது"ங்கறாரு. பல்பு இழுக்கறது அரை ஆம்பியர் கூட கிடையாது, எர்த்துல 50 ஓம் இருந்தாலும் 20 வோல்ட் தான் குறையும், கண்ணுக்கு தெரியாது. ஆனா நெசமா பேஸ் பாடில உட்கார்ந்தா அந்த 50 ஓம்ல 5 ஆம்பியர் கூட ஓடாது, கரண்ட் அதிகமானா விழுற 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் பேசாம இருக்கும். அதனால ஆர்சிசிபிய எடுக்கவே கூடாதுன்னு கறாரா சொல்லிட்டு, பாறை விட்ட இடமா பார்த்து கரி உப்பு போட்டு புது குழி எடுத்தோம்.

எர்த் குடுத்ததும் ஸ்பீக்கர்ல உம்முன்னு ஹம். ரெக்கார்டு ஊசிலேர்ந்து வர்ற பிக்கப் வயரோட ஷீல்டு, அதாவது மேல சுத்தின கம்பி உறை, ஆம்ப்ளிஃபயர் பக்கமும் சேசிஸ தொடுது, மெக்கானிசம் பக்கமும் தொடுது, எர்த் ரெண்டு வழியா சுத்தற லூப் ஆயிடுச்சி. மெக்கானிசம் பக்கம் ஷீல்ட மட்டும் பிரிச்சேன், பாடி எர்த்துல கை வைக்கல, ஹம் போச்சி.

பில்லுல மத்தது எதுக்கும் பேசாதவரு குழிக்கு மட்டும் பேரம் பேசுனாரு, சித்திரை வைகாசில அதுல தண்ணி ஊத்தணும்னு சொன்னதுக்கு "அதுக்கும் சார்ஜாண்ணா?"ங்கறாரு.