பெஸ்ஸெக்கன் முகட்டில் ஒரு ஜூலை நாள்

பெஸ்ஸெக்கனுக்குப் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி சாப்பாடு. நோர்வேக்காரர்கள் பாண் துண்டுகளுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து ஒரு சிறிய பெட்டிக்குள் அடக்கிவிடுவார்கள். வேலைக்குப் போனாலும் அதுதான், மலையேறினாலும் அதுதான். இவருக்கு அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. புளிச்சாதம் கட்டுவோம் என்றார். "அப்பா, அப்படியென்றால் அதை நீங்கள்தான் சுமக்க வேண்டும்" என்று மகள் சொன்ன பிறகு ரோல்ஸ், அவித்த முட்டை, ஒரு குட்டான் பனங்கட்டி என்று இறங்கி வந்தார்.

மகள் இங்கே பிறந்தவள். பாலர் பாடசாலைக் காலத்திலேயே முதுகில் பையோடு மழைக்குள் காடு சுற்றியவள். இவர் எண்பதுகளின் கடைசியில் மாணவராக வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையொன்றில் நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தவர். இத்தனை ஆண்டுகளாக இந்த நாட்டு மலைகளை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். நானும் அப்படித்தான். அதற்குச் சோம்பல் காரணமல்ல. எங்கள் சனிக்கிழமையைத் தமிழ்ப் பள்ளி எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையைக் கோயிலோ யாராவது வீட்டுச் சாமத்தியச் சடங்கோ எடுத்துக்கொள்ளும். பிறகு மலைக்கு எந்த நாள் மிஞ்சும்? அதோடு, நான் வளர்ந்த யாழ்ப்பாண மண்ணில் மலை என்றால் கீரிமலை. அங்கேயும் ஏறுவதில்லை, கேணிக்குள் இறங்குவோம்.

பெஸ்ஸெக்கன், யோத்துன்ஹைமன் தேசியப் பூங்காவில் இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். யெண்டெஸ்ஹைம் என்ற இடத்தில் படகேறி, யெண்டே ஏரி வழியாக மெமுருபு என்ற துறையில் இறங்கி, அங்கிருந்து முகட்டின் மேலாகப் புறப்பட்ட இடத்துக்கே நடந்து வருவதுதான் வழக்கம். தூரம் 14 கிலோமீற்றர். ஆறு முதல் எட்டு மணி நேரம் என்று வழிகாட்டிகளில் போட்டிருப்பார்கள். அது பிறந்ததிலிருந்து மலையேறுகிறவர்களின் கணக்கு என்பதை எங்களைப் போன்றவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

படகில் போகும்போதே தண்ணீரின் நிறம் ஆளைப் பிடித்து நிறுத்தியது. கரும்பச்சையும் அல்ல, நீலமும் அல்ல. பால் கலந்த மரகதப் பச்சை. மேலே பனியாறுகள் பாறையை அரைக்கும்போது வரும் மா போன்ற நுண்ணிய மண்ணை மூரு ஆறு கொண்டுவந்து ஏரியில் சேர்க்கிறது. அது அடியில் படியாமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற நிறம் அது. முகட்டின் மறுபக்கத்தில் இருக்கும் பெஸ்வத்னே ஏரிக்கு அந்த மண் வருவதில்லை, ஆகவே அது கருநீலம். யெண்டே கடல் மட்டத்திலிருந்து 984 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது, பெஸ்வத்னே 1373 மீற்றரில். ஏறக்குறைய 400 மீற்றர் உயர வித்தியாசம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு கற்சுவர்தான். அந்தச் சுவரின் விளிம்பில்தான் வழி.

மெமுருபுவில் இறங்கியதுமே செங்குத்தான ஏற்றம். ஜூலை வெயில் பிடரியில் அடித்தது. நோர்வேயில் வெயிலைப் பற்றி முறைப்பாடு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை என்பதால் பேசாமல் ஏறினேன். வழி தவறுவதற்கு இடமில்லை: கற்குவியல்களிலும் பாறைகளிலும் சிவப்பு நிறத்தில் T என்ற எழுத்து தீட்டியிருக்கிறது. 1868இல் தொடங்கிய நோர்வே மலையேற்றச் சங்கத்தின் அடையாளம் அது. இவர் ஒவ்வொரு சிவப்பு எழுத்தையும் கண்டதும் பிள்ளையார் கோயிலைக் கண்டதுபோல் நின்றார். மூச்சு வாங்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வழி பெஸ்வத்னேயின் கரைக்கு இறங்குகிறது. அங்கேதான் எல்லோரும் சாப்பிட உட்காருகிறார்கள், நிமிர்ந்து முகட்டைப் பார்க்கிறார்கள், பேச்சைக் குறைக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். சின்னவன் களைத்துப் போயிருந்தான். மேற்கே முகில் கட்டத் தொடங்கியது. அவர் அதை ஒருமுறை பார்த்தார், பிள்ளைகளோடு இரண்டு வார்த்தை பேசினார், வந்த வழியே மெமுருபுவுக்குத் திரும்பிவிட்டார். நோர்வேயின் மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது இதுதான்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். "படகுக்குக் காசு கட்டியாயிற்றே!" என்று இவர் அவருக்காக வருந்தினார். எங்களால் அப்படித் திரும்ப முடியுமா? வீட்டை அடைவு வைத்து, ஏஜென்சிக்குக் காசு கட்டி, திரும்பும் வழியில்லாமல் வந்தவர்களுக்கு எட்டாவது விதி கொஞ்சம் கடினமானது.

முகில் கலைந்தது. ஏறினோம்.

புகைப்படங்களில் தெரிவதைவிட முகடு அகலமானதுதான். ஆனால் புகைப்படத்தில் கால் நடுங்குவது தெரிவதில்லை. முன்னால் பாறை படிபடியாக எழுகிறது, கைகளையும் ஊன்ற வேண்டும். இடப்பக்கம் நீலத் தண்ணீர் கிட்ட இருக்கிறது. வலப்பக்கம் பச்சைத் தண்ணீர் நெடுந்தூரம் கீழே. ஒரு இடத்தில், முழங்காலை ஒரு கல்லில் வைத்த நிலையில், அடுத்து எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். என் முகத்துக்கு நேரே இருந்த கல்லில் மஞ்சளும் பச்சையுமாகப் பாசி படர்ந்திருந்தது. அதன் கறுப்பு விளிம்புகள் தேசப்படத்தில் எல்லைக்கோடு கீறியதுபோல் இருந்தன. பிடிக்க வேண்டிய மூலையில் மட்டும் பாசி இல்லை. எத்தனையோ ஆயிரம் கைகள் பட்டு அது வழவழத்துப் போயிருந்தது. கண்ணால் பார்க்கிறேன், கை நகரவில்லை.

எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. எங்கள் ஆட்களாக இருந்திருந்தால் பத்துப் பேரும் பத்து விதமாகக் கத்தியிருப்பார்கள்: வலது காலை எடு, இடது காலை வை, கீழே பார்க்காதே, முருகா! இங்கே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நேர் பின்னால் வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, பையைத் திறந்து, சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக் குடிக்கத் தொடங்கினார். மகள்கூட மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, கை நீட்டவில்லை. அந்தக் கணத்தில் பெற்ற பிள்ளை மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிழவி தன் சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் போராடும்போது பக்கத்தில் சும்மா நிற்கச் சொன்னார்கள். தன்னால் முடிவதை அவளே செய்யட்டும், கேட்டால் உதவு என்றார்கள். பெரியவர்களை இப்படியா தவிக்க விடுவது என்று மனதுக்குள் ஏசியிருக்கிறேன். பொத்தானோடு போராடுகிறவரின் இடத்திலிருந்து அது எப்படியிருக்கும் என்று பார்த்தது பெஸ்ஸெக்கனில்தான்.

"எங்கே பிடிப்பது?" என்று திரும்பாமலே கேட்டேன். கோப்பிக்காரர் உடனே சொன்னார்: "வலது கையை மேலே, அந்த வெடிப்புக்குள். கால் தானாக வரும்." அவ்வளவுதான். வலது கை வெடிப்புக்குள் போயிற்று, கால் வந்தது. நன்றி சொல்ல மேலேயிருந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த முறை நல்லதென்று இன்று ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் பத்துப் பேரில் ஒருவராவது முருகா என்றிருக்கலாம்.

1743 மீற்றரில் உச்சி. பெரிய கற்குவியல், குளிர்காற்று, ஆளுக்கொரு ரோல்ஸ். இவர் பனங்கட்டியை உடைத்துப் பக்கத்திலிருந்த இளைஞர்களுக்கும் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் மலையேறும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டில் ஒரு விரலை முறித்துத் தந்தார்கள். இறக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: கல், கல், மேலும் கல். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேசின. சொன்ன எட்டு மணி நேரத்தைத் தாண்டித்தான் யெண்டெஸ்ஹைம் சேர்ந்தோம். கோடைகாலம் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

திங்கட்கிழமை வேலையிடத்தில் படியிறங்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, தொண்ணூறைத் தாண்டிய ஒரு ஐயா என்ன நடந்தது என்று கேட்டார். வழக்கமாக என்னோடு வானிலையைத் தவிர வேறு பேசாதவர். பெஸ்ஸெக்கன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கமிருந்து? மேலே பனி கிடந்ததா? கரையில் சாப்பிட்டீர்களா? கேள்வி மேல் கேள்வி. காலைச் சாப்பாட்டை மறந்து, தன் இளமைக்காலத்தில் எதிர்ப்பக்கமாக, முகட்டின் மேலிருந்து கீழ்நோக்கி நடந்த கதையைச் சொன்னார். இரண்டு ஏரியும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்க இறங்குவதுதான் சரியான பயம், அடுத்த கோடையில் அப்படிப் போய்ப் பார் என்றார்.

இவரிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை. மகளிடம் சொல்லிவிட்டேன்.