முதலில் வளவு, பிறகு அறைகள்

வீடு கட்ட எண்ணி வருகிற குடும்பத்தின் கைப்பேசியில் பெரும்பாலும் ஒரு படம் ஏற்கெனவே இருக்கும். மூன்று அறை, ஹோல், குசினி, அறையோடு சேர்ந்த குளியலறை, முன்னால் போர்ட்டிகோ. எங்கேயோ, யாருக்கோ கீறிய படம். வடக்கு எந்தப் பக்கம் என்று அதில் இருக்காது. கிணறும் மலக்குழியும் இருக்காது. பக்கத்து வளவுக்காரரின் கிணறு எங்கே என்பது நிச்சயமாக இருக்காது. திருகோணமலையில் ஒரு வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை அப்படி விடுபட்டுப்போன விஷயங்கள்தான். ஆகவே நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு காணிக்குப் போய் முதலில் வளவைக் கீறுவோம். அறைகளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

பேச்சுக்கு 10 பேர்ச் காணி ஒன்றை எடுப்போம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆக ஏறத்தாழ 40 அடி அகலம், 68 அடி நீளம். வீதி கிழக்கே இருக்கட்டும். 30 அடிக்கு 40 அடி வீடு வைத்தால் விறாந்தையோடு 1,200 சதுர அடி. இரு பக்கமும் 5 அடி, முன்னால் 15 அடி, பின்னால் 13 அடி மிஞ்சும். தாராளமாகத் தெரிகிற இந்த மிச்சத்துக்குள்தான் கிணறு, மலக்குழி, அதிலிருந்து வழிகிற தண்ணீரை மண்ணுக்குள் விடும் ஊறல் குழி, வாகனம், உடுப்புக் காயப்போடும் கொடி, மீன் வெட்டுகிற இடம், இரண்டு தென்னை எல்லாம் அடங்க வேண்டும்.

கிணற்றுக்கும் ஊறல் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணலில் தண்ணீர் வேகமாக ஊடுருவும். களிமண் போல அது அழுக்கைப் பிடித்து வைக்காது. அங்கே கூடுதலாகக் கிடைக்கிற ஒவ்வொரு அடியும் இலாபம். நமது காணியில் கிணற்றை வடகிழக்கு மூலையிலும் ஊறல் குழியைப் பின்பக்கம் வடமேற்கு மூலையிலும், இரண்டையும் எல்லையிலிருந்து 5 அடி உள்ளே தள்ளியும் வைத்தால் 58 அடி கிடைக்கும். இதோடு வேலை முடியவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். பின்வளவுக்காரரின் கிணறு அதே வேலியோரம் இருந்தால் நமது குழி அவருடைய குடிநீருக்கு 10 அடியில் வந்து நிற்கும். அவருடைய கிணற்றையும் நமது படத்தில் குறித்தால்தான் இது நேரத்துக்குத் தெரியும். குறிக்காவிட்டால் குழி வெட்டுகிற அன்று சண்டையாகத் தெரியவரும்.

குழி எங்கே என்று முடிவானால் மலசலகூடம் எங்கே என்பதும் பாதி முடிவாகிவிடும். மலக்குழிக்குப் போகிற 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு கொடுக்கிறோம். மலசலகூடம் வீட்டின் முன்பக்கம், குழி பின்பக்கம் என்றால் குழாய் குழியை அடையும்போது ஓர் அடிக்கு மேல் இறங்கியிருக்கும். வேனிலில் இது பெரிய விஷயமில்லை. ஐப்பசியில் மழை பிடித்து, மார்கழியில் தாழ்ந்த காணிகளில் நிலத்தடி நீர் மண்ணின் மேற்பரப்பை நெருங்கும்போதுதான் விளைவு தெரியும். ஊறல் குழி நிரம்பி நிற்கும், குழாயின் வாய் தண்ணீருக்குள் போகும், மலசலகூடத்தில் தண்ணீர் ஊற்றினால் இறங்காது. குழியை இன்னும் ஆழமாக வெட்டினால் சரிவரும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழமாக வெட்டினால் அது நிலத்தடி நீருக்குள்ளேயே போய் உட்காரும், ஊறுவதற்கு இடமே இராது. மலசலகூடங்களைக் குழியின் பக்கமாக வைத்துக் குழாயைக் குறுக்குவதும், வீட்டுத் தரையை உயர்த்துவதுமே வழி. காணி வாங்கும்போது பக்கத்துக் கிணறுகளின் உள்சுவரைப் பாருங்கள். மாரியில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்து போகிறது என்று கறை சொல்லும்.

தரை உயரத்தை வீதியின் நடுமட்டத்திலிருந்து அளக்க வேண்டும், வளவின் மண்ணிலிருந்து அல்ல. ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீற் போடப் போட வீதி உயர்கிறது. பழைய வீடுகள் பல இன்று வீதியை விடத் தாழ்ந்து கிடப்பது அதனால்தான். வீதியிலிருந்து 2 அடி என்று வைத்தால் 6 அங்குலப் படிகள் நான்கு வரும். மிதிக்கும் தட்டு 12 அங்குலம் என்றால் விறாந்தைக்கு வெளியே 3 அடி போய்விடும். வயதானவருக்குச் சக்கர நாற்காலிச் சரிவுப் பாதை வைப்பதானால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், ஆக 24 அடி. பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று விட்டால் அந்த 24 அடிக்கு வளவில் இடமே இராது. பக்கச் சுவரோரம் 4 அடி அகலத்தில் அதற்கு இப்போதே ஒரு கோடு கீறி வைப்பது நல்லது, கட்டுவது எப்போதானாலும்.

இனி வெயில். திருகோணமலை ஏறத்தாழ 8½ பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை நடுப்பகுதி தொடக்கம் ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூனில் தலைக்கு நேரே இருந்து 15 பாகை வடக்கே சாயும். டிசம்பரில் 32 பாகை தெற்கே போகும். ஆக, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக் காய்கிற மாதங்களில் தெற்குச் சுவரில் வெயில் பெரும்பாலும் விழுவதில்லை. மாலை வெயில் மேற்கிலும் வடமேற்கிலும் அடிக்கும். மேற்குச் சுவரில் பெரிய யன்னல் வைத்த படுக்கையறை, இரவு பத்து மணிக்கும் சூட்டை விடாது. அந்தப் பக்கம் குளியலறை, களஞ்சிய அறை, அலுமாரி வரிசை ஆகியவற்றைக் கொண்டுபோனால் அவை சூட்டை வாங்கிக்கொள்ளும். படுக்கையறையின் யன்னலைத் தெற்கே வையுங்கள். டிசம்பரில் அதில் வெயில் வரும்தான், ஆனால் நண்பகல் சூரியன் 58 பாகை உயரத்தில் இருப்பதால் 2½ அடி நீட்டிய நிழல் தட்டு 4 அடி உயர யன்னலை முழுவதும் மறைத்துவிடும்.

தென்மேற்குக் காற்றும் அந்தத் தெற்கு யன்னலால்தான் உள்ளே வரும். உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். வடக்கிலோ கிழக்கிலோ ஒரு திறப்பு இல்லாவிட்டால் யன்னல் திறந்திருந்தும் அறை புழுங்கும். அறைக்கதவுக்கு மேலே காற்றுத் துவாரம், எதிரே ஹோல் யன்னல், இப்படி ஒரே கோட்டில் வருகிறதா என்று படத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். 7 அடி மதிலுக்கு 3 அடியில் இருக்கிற யன்னலுக்குக் காற்று வராது. இரு பக்கமும் 5 அடி விடச் சொல்வது இதற்காகவும்தான்.

மழை எதிர்ப் பக்கத்தால் வரும். வாடையோடு சேர்ந்து வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். 3 அடி உயரத்தில் தொடங்கி 7 அடியில் முடிகிற யன்னலுக்கு 45 பாகையில் மழை அடித்தால், தூவானம் படாமல் இருக்க 4 அடி நீட்டிய தாவாரம் வேண்டும். அவ்வளவு நீட்ட முடியாது. நீட்டினாலும் புயற்காற்று கீழிருந்து தூக்கும். ஆகவே வடகிழக்குப் பக்கம் விறாந்தைக்குரிய பக்கம். 6 அடி விறாந்தை, அதற்குப் பின்னால் வாசற்கதவு. கிழக்கு வாசலைத் திறந்த சுவரில் வைத்து மேலே 2 அடித் தட்டு மட்டும் போட்டால் நிலை மரத்தின் அடி சில மாரிகளிலேயே உக்கிவிடும்.

மனை சாஸ்திரம் பார்ப்பவர்கள் வடகிழக்கான ஈசானிய மூலையில் கிணறு, தென்மேற்கான கன்னி மூலையில் பெரிய அறை, வடமேற்கான வாயு மூலையில் மலசலகூடம் என்பார்கள். மேலே சொன்ன கணக்குகளோடு வைத்துப் பாருங்கள், நமது உதாரணக் காணியில் இவை முட்டவில்லை. முட்டுவது குசினியில்தான். கிழக்கு வீதிக் காணியில் தென்கிழக்கான அக்கினி மூலை என்றால் குசினி வீட்டின் முன்பக்கம் வந்துவிடும். கச்சான் காலத்தில் மீன் பொரிக்கிற மணம் முன் விறாந்தை வழியாகத்தான் போகும். குசினியை முன் சுவரிலிருந்து ஓர் அறை அளவு உள்ளே தள்ளி, தெற்குப் பக்க நடைக்குக் கதவு வைத்து, புகையைக் கூரைக்கு மேலே எடுத்துவிட்டால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும். குடும்பம் சாஸ்திரத்தை நம்புகிறதென்றால் அதைப் படம் கீறும் முன்னமே கேட்டுவிட வேண்டும். அத்திவாரம் வெட்டிய பிறகு யாராவது பெரியவர் வந்து கதவை மாற்றச் சொன்னால் செலவு அவருக்கு அல்ல.

கேஸ் அடுப்புக் குசினி உள்ளே இருந்தாலும் விறகடுப்புக்கு ஒரு பத்தி வெளியே வேண்டும். நெல் அவிக்க, மா வறுக்க, விசேஷத்துக்குப் பெரிய பானை வைக்க அது உதவும். பக்கத்திலேயே ஒரு குழாய், மீன் வெட்ட 2 அடிக்கு 4 அடித் தட்டு. அங்கிருந்து போகிற எண்ணெய்த் தண்ணீரை மலக்குழியோடு சேர்க்கக்கூடாது. கொழுப்பு ஊறல் குழியின் வாயை அடைத்துவிடும். தனியாக ஒரு சிறு குழிக்கு எடுத்து, ஓரமாக வாழை வையுங்கள்.

அறை அளவுகளில் பெரும்பாலான பிழைகள் சுவரை மறப்பதால் வருகின்றன. 10, 10, 8 அடி அறைகள் மூன்றை 28 அடிக்குள் அடுக்கிவிட்டோம் என்பார்கள். 6 அங்குலக் கல்லுக்குப் பூச்சோடு 7 அங்குலம். நான்கு சுவருக்கு 2 அடி 4 அங்குலம். அது எங்கிருந்தோ குறையத்தான் வேண்டும், வழக்கமாகக் குளியலறையிலிருந்து குறையும். அறைக்குள் தளபாடத்தையும் அளவோடு கீறுங்கள். 6 அடிக்கு 6¼ அடிக் கட்டில், இரு புறமும் 2 அடி நடை, இதற்கு 10 அடி அகலம். கால்மாட்டில் 2½ அடி நடையும் 2 அடி அலுமாரியும் சேர்த்தால் நீளம் 10 அடி 9 அங்குலம். ஆகவே 10க்கு 11 என்பது பூச்சு முடிந்த பிறகான உள் அளவாக இருக்க வேண்டும். கதவு திறந்தால் அலுமாரியில் முட்டுகிறதா, மின்குமிழ் ஆளி கதவுக்குப் பின்னால் போகிறதா என்பதெல்லாம் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

ஹோலை நல்லது கெட்டது இரண்டையும் நினைத்துத்தான் அமைக்க வேண்டும். பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கும் வீட்டிலிருந்து ஒருவரை வழியனுப்பவும் அதே இடம்தான். 12 அடிக்கு 16 அடியாவது, நடுவே தூணில்லாமல். வாசற்கதவு 3½ அடி, ஹோலிலிருந்து வாசலுக்கு நேர் வழி. உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர், பிறகு ஒரு திருப்பம் என்று அமைத்த வீட்டில் பெட்டியைத் தூக்கி வருபவர்கள் படுகிற பாடு அந்த நேரத்தில் யாருக்கும் வேண்டாம்.

கிழக்கு மாகாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகிறது. இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இன்று கட்டுகிற வீட்டுக்கு மேல் நாளை இன்னொரு வீடு ஏறும். அந்த எண்ணம் இருந்தால் தூண்களின் அடித்தளத்தை இப்போதே போட வேண்டும், மேல் மாடிச் சுவர்கள் கீழ்ச் சுவர்களின் மேலேயே வருமாறு அறைகளை அடுக்க வேண்டும். படிக்கட்டு வெளியால் ஏறட்டும். உள்ளே வைத்தால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல். தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் ஏறத்தாழ 7 அங்குலப் படிகள் 17. நடுவில் மடித்து, 10 அங்குல மிதிதட்டும் 3 அடித் தரிப்பும் வைத்தால் 9 அடி 8 அங்குல நீளம், 6½ அடி அகலம் போகும். 6க்கு 8 பெட்டி ஒன்றைக் கீறிப் ‘படி’ என்று எழுதிய படங்களில் ஏறினால் தலை இடிக்கும். பிறகு கட்டலாம் என்று தூணுக்கு மேலே கம்பியை நீட்டி விடுவது இங்கே ஆபத்து. உப்புக் காற்றில் கம்பி தின்றுபோகும், துரு தூணுக்குள்ளும் இறங்கும். நீட்டிய கம்பியைச் சீமெந்து குறைந்த கலவையால் மூடி வைத்தால் தேவைப்படும்போது உடைத்து எடுக்கலாம்.

சுவரில் உள்மடிப்பும் வெளிமடிப்பும் கூடக் கூட, கூரையில் இரண்டு சரிவு சந்திக்கும் பள்ளங்கள் கூடும். ஒழுக்கு தொடங்குவது அங்கேதான். செவ்வக வீடும் நான்கு பக்கமும் சரிந்த கூரையும் மழைக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய ஊர் இது.

கட்டிட அனுமதிக்குக் காணி உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டு விபரம் மூன்றும் முதலில் கையில் இருக்கட்டும். வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு வெளி விட வேண்டும் என்பதை, படம் கீறும் முன்னமே உள்ளூராட்சிச் சபையிடம் கேட்டறிய வேண்டும். நகரத்தின் இரு புறமும் கடல் என்பதால் இன்னொன்றும் உண்டு: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். காணி அதற்குள் இருந்தால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

கடைசியில் படத்தைச் சுண்ணாம்பால் நிலத்தில் போட்டு, வீட்டார் எல்லாரும் நடந்து பார்க்க வேண்டும். மூலை மட்டத்துக்கு 3, 4, 5 அடி முக்கோணம் பிடித்து, பிறகு மூலைவிட்டத்தை அளக்கலாம். 30க்கு 40 வீட்டில் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 50 அடி வர வேண்டும். திறந்த வெளியில் கோடாகப் பார்க்கும்போது எந்த அறையும் சின்னதாகவே தெரியும். உடனே ஓர் அடி கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் பக்க வெளி 4 அடியாகும், கூரை மாறும், அனுமதி பெற்ற படமும் மாறும். கட்டிலையும் அலுமாரியையும் சுண்ணாம்பால் அந்த அறைக்குள் கீறிக் காட்டினால் பெரும்பாலும் மனம் ஆறிவிடும்.

வேலை தொடங்கிய பிறகு இன்னொரு படம் தேவை. தரை மூடும் முன் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மண்ணுக்குள் போகிற மின்கம்பி எல்லாம் உண்மையில் எங்கே போகின்றன என்று, ஒவ்வொரு திருப்பத்தையும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து அளந்து குறித்து, மேசனையும் குழாய் வேலைக்காரரையும் கொண்டு சரிபார்த்து, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு மாபிளை உடைக்க வேண்டி வந்தால் ஒரு கல்லை மட்டும் உடைத்தால் போதும்.