அரை ஓமா, ஏழு ஓமா?

வண்டியின் பின்பக்க இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினேன். மாட்டியதுதான் தாமதம், இண்டிகேட்டர் படபடவென்று துடிக்க ஆரம்பித்துவிட்டது. எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. அதனால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் ஃப்ளாஷர் ரிலே, பல்ப் ஃப்யூஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறது. எல்.இ.டி.யோடு பேரலலாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, பழைய பல்ப் இழுத்த அளவு கரண்டை இழுக்க வைத்தால் அடங்கிவிடும்.

எத்தனை ஓம் ரெசிஸ்டர்? பழைய பல்ப்தான் கையில் இருக்கிறதே, அளந்தால் போச்சு என்று மல்டிமீட்டரை எடுத்தேன். 0.8 ஓம் காட்டியது. இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.3. அது வயரின் கணக்கு. கழித்தால் அரை ஓம்.

பக்கத்தில் அக்கா மகள் உட்கார்ந்து ஓம் விதிப் பாடத்துக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்தாவது. பல்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல 12 வோல்ட் 21 வாட்னு போட்டிருக்கு. 21-ஐ 12-ஆல வகுத்தா 1.75 ஆம்பியர். 12-ஐ 1.75-ஆல வகுத்தா 6.86 ஓம். நீங்க அரை ஓம்ங்கிறீங்க."

"மீட்டர் அப்படித்தான் காட்டுது."

"அரை ஓம்னா 24 ஆம்பியர் போகணும். 288 வாட். இத்தனூண்டு பல்பா?"

வாயடைத்துப் போனேன். அவள் கேட்டிருக்காவிட்டால் அரை ஓம் ரெசிஸ்டரை வாங்கி மாட்டி, இண்டிகேட்டர் போட்ட அந்த நொடியே வண்டியின் ஃப்யூஸை எரித்திருப்பேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. ஓம் அளக்கும்போது அது அனுப்புவது சொற்ப கரண்ட். ஃபிலமென்ட் சூடே ஆகாது. அணைந்து கிடக்கும் டங்ஸ்டனுக்கு அரை ஓம்தான். எரியும்போது அதே கம்பி இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிவிடும், ரெசிஸ்டன்ஸும் பதின்மூன்று பதினான்கு மடங்காகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை மீட்டருக்குத்தான் போனது.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பவர் சப்ளையை எடுத்து வைத்தேன். கரண்டை அதன் டிஸ்ப்ளேயே காட்டும். (முன்பு ஒருமுறை மல்டிமீட்டரையே சீரிஸில் போட்டு கரண்ட் பார்க்கிறேன் என்று, சிவப்பு ப்ரோபை மில்லி ஆம்பியர் ஓட்டையில் விட்டு மீட்டரின் ஃப்யூஸை ஊதிய கதை உண்டு. அவளிடம் சொல்லவில்லை.)

1 வோல்ட் கொடுத்தோம். வெளிச்சமே இல்லை, ஆனால் 0.45 ஆம்பியர். வகுத்தால் 2.2 ஓம். 3 வோல்ட்டில் ஃபிலமென்ட் மங்கலாகச் சிவந்தது. 0.82 ஆம்பியர், 3.7 ஓம். 6 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், 5 ஓம். அவள் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கொண்டே போனது. 6 வோல்ட் வரியில் அவள் நின்றுவிட்டாள். வோல்ட்டேஜ் பாதியானால் பவர் கால் பங்கு என்றுதானே பாடம்? 21-இல் கால் பங்கு 5.25 வாட். இங்கே 6-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 7.2 வருகிறது. ரெசிஸ்டன்ஸ் மாறாமல் இருந்தால்தான் அந்தக் கால் பங்குக் கணக்கு. இங்கே வோல்ட்டேஜோடு சேர்ந்து ரெசிஸ்டன்ஸும் இறங்கிவிட்டது.

12 வோல்ட்டில் 1.73 ஆம்பியர், 6.94 ஓம். "கிட்ட வந்துட்டோம்" என்று எழுதப் போனவளை நிறுத்தி, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து பல்பின் இரு முனையிலேயே தொட்டுக் காட்டினேன். 11.7. மீதி 0.3 வோல்ட் முதலைக் கிளிப் வயரிலேயே தங்கிவிட்டது. பல்புக்கு உண்மையான கணக்கு 11.7-ஐ 1.73-ஆல் வகுத்தால் வரும் 6.76 ஓம்தான். அரை வாட் வயரைச் சூடாக்கப் போகிறது. எதன் ரெசிஸ்டன்ஸ் வேண்டுமோ அதன் முனையிலேயே வோல்ட் பார்க்க வேண்டும், அதே நேரத்து கரண்டால் வகுக்க வேண்டும். சப்ளையைக் கொஞ்சம் ஏற்றி முனையில் சரியாக 12 வர வைத்தோம். 1.76 ஆம்பியர், 21.1 வாட். அவள் நோட்டில் முதலில் போட்ட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே நின்றது.

இந்த அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானி ஜார்ஜ் ஓமுக்கே அளப்பதில் தொல்லை இருந்தது. அவர் முதலில் பயன்படுத்திய மின்கலங்களின் வோல்ட்டேஜ் நிலையாக நிற்கவில்லை. பிறகு ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப மின்னிரட்டைக்கு (இரண்டு உலோகங்களை இணைத்து, சூட்டு வித்தியாசத்தால் வோல்ட்டேஜ் தரும் அமைப்பு) மாறினார். அதன் பிறகுதான் எண்கள் அவர் சொல்பேச்சு கேட்டன. அவர் கண்டுபிடித்த விதி 1827-இல் புத்தகமாக வந்தது.

கடைசியில் வாங்கியது 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 24 வாட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும், அப்போது 14-ஐ 14-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 32.7 வாட். அதனால்தான் 50. ரெசிஸ்டருக்குள் இருக்கும் அலாய் (கலப்பு உலோக) கம்பி டங்ஸ்டன் மாதிரி இல்லை. ஆறியிருந்தபோதும் 6 ஓம், தொட முடியாத சூட்டிலும் ஏறக்குறைய அதே 6 ஓம். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்புத் தகட்டில் திருகி வைத்தேன்.

இண்டிகேட்டர் பழைய தாளத்துக்கு வந்துவிட்டது. அவள் மட்டும் இன்னும் நோட்டை மூடவில்லை.

"மாமா, எல்.இ.டி. எத்தனை வாட்?"

"மூணு."

"ரெசிஸ்டர் 24. மொத்தம் 27. பழைய பல்ப் 21 தானே?"