அக்கா நீக்கச் சொன்ன அரை நிமிடம்

இலங்கை இறுதிப்போர் பற்றிய எங்கள் ஆவணப்படத்தில் பேசிய அக்கா நீக்கச் சொன்னது அரை நிமிடப் பேச்சுதான். மூத்த மகனைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லும் இடம். வன்னியின் இரணைப்பாலையில் ஷெல் விழுந்து கணவர் செத்தது, பங்கருக்குள் பிள்ளைகளோடு கிடந்தது, கடைசியில் இலங்கை ஆமியின் பக்கம் நடந்து போனது எல்லாம் அவர் முகத்தோடு அப்படியே இருக்கலாம் என்றார்.

பயப்படுகிறார் என்று நினைத்து, முகத்தை மங்கலாக்கிக் குரலையும் மாற்றிவிடலாம் என்றேன். "என் மனுசன் செத்ததை முகத்தை மறைத்துக்கொண்டா சொல்வது?" என்று கேட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "தம்பி, நவம்பர் 27, மாவீரர் நாள் அன்று அவன் படத்துக்கு விளக்கு ஏற்றுகிறேன். மாவீரர் என்று பெயர் சொல்கிறார்கள். அவன் தானாகப் போனான் என்று உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. எப்படிப் போனான் என்பதைச் சொல்லாமல் விடுங்கள்."

நான் படத்தொகுப்பாளன். இந்த மாதிரிக் கோரிக்கைகளுக்கு எங்களிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு: இயக்குநரிடம் சொல்கிறேன். சொன்னேன். வெள்ளைக்காரர், பல நாட்டுப் போர்களைப் படம் பிடித்தவர். "அதை எடுத்துவிட்டால் புலிப் பிரச்சாரம் என்று ஒரே வரியில் நம்மை முடித்துவிடுவார்கள்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2011இல் பிரிட்டனின் சானல் 4 இறுதிப்போர் பற்றிய படத்தை ஒளிபரப்பியபோது, இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு பதிலுக்கு ஒரு படமே எடுத்து வெளியிட்டது. சானல் 4 படத்தின் இயக்குநர் கெலம் மக்ரே 2013 மார்ச்சில் 'நோ ஃபயர் ஸோன்' படத்தை ஜெனீவாவில் திரையிட்டபோது இலங்கை அரசு எதிர்த்தது. நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்காக அவர் இலங்கை போயிருந்தபோது, கிளிநொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலை அநுராதபுரத்தில் மறித்து அவரையும் குழுவையும் கொழும்புக்கே திரும்ப வைத்தார்கள். இத்தனைக்கும் அது புலிகளின் குற்றங்களையும் பேசிய படம். இரண்டு பக்கத்தையும் காட்டியவருக்கே இந்தக் கதி என்றால் ஒரு பக்கத்தை விட்டவனுக்கு?

ஆனால் அதே உதாரணம் மறுபக்கமும் வெட்டுகிறதே என்று பிறகுதான் தோன்றியது. இரண்டு பக்கத்தையும் காட்டியும் அவரை விட்டுவிடவில்லை. அப்படியானால் அக்காவின் அரை நிமிடம் எங்களை எப்படிக் காப்பாற்றும்? 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் மீது ராணுவம் ஷெல் அடித்ததையும், புலிகள் ஆட்களைக் கட்டாயமாகச் சேர்த்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அறிக்கையில் இருப்பதை ஒரு தாய் வாயால் மறுபடி ஏன் சொல்ல வைக்க வேண்டும்? அறிக்கையை யார் படிக்கிறார்கள், முகத்தைத்தானே நம்புகிறார்கள் என்பது இயக்குநரின் பதில். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

கடைசியில் அந்தப் பகுதியை வைத்துக்கொண்டேன். மகன் பெயரையும் புகைப்படத்தையும் எடுத்துவிட்டு, அக்காவின் குரலுக்கு மேல் தலையிழந்த பனைமரங்களைப் போட்டேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் அவர் பேச்சை நிறுத்தி, முழங்காலில் கிடந்த சேலைக்கரையைப் பெருவிரலால் நீவுவார். இன்னொரு தடவை நீவிவிட்டு, "பிள்ளை பிடிக்க வந்தார்கள்" என்பார். முழுப் படத்திலும் அதைவிட உண்மையான காட்சி இல்லை. அவருக்காக அந்தக் காட்சியை வெட்டினேன், குரல் மட்டும் இருந்தது. இதைவிட ஒரு தொகுப்பாளன் என்ன செய்ய முடியும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரைத் தெரிந்தவர்களுக்குக் குரல் போதும் என்பது தெரியாமல் இல்லை.

திரையிடல் முடிந்ததும் ஒருவர் எழுந்து, இந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது கொழும்பா என்று கேட்டார். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் புலிப் பணம் என்றன. (இரண்டு பேரும் கொடுத்திருந்தால் என் சம்பளப் பாக்கியாவது தீர்ந்திருக்கும்.) இயக்குநருக்கு இது பழக்கமானதுதான். அவர் தொழிலில் எதிர்ப்பும் ஒருவகை மரியாதை. விசா மறுத்தால்கூட அது செய்தியாகும், அடுத்த படத்துக்கு ஆள் சேரும். அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. அடுத்த நவம்பரில் அவர் மாவீரர் நாள் மண்டபத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது எங்கும் செய்தியாகாது.

என்னை உறுத்துவது வேறொன்று. அது நடந்த உண்மை, அதனால் இருக்கட்டும் என்று தொகுப்பறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் உட்பட எல்லோரும், வசை வராமல் இருக்க அது தேவை என்றே பேசினோம். உண்மைக்காக வைத்திருந்தால் வசை வந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கேடயமாக வைத்தோம், அது தடுக்கவும் இல்லை. ஆனாலும் இன்று கேட்டால் அதை எடுத்துவிடச் சொல்வேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கணவர் செத்ததை மட்டும் வைத்து மகன் போனதை விட்டால் வன்னியில் நடந்ததில் பாதிதான் படத்தில் இருக்கும். பாதியைக் காட்டும் படத்தில் என் பெயர் வருவது எனக்குப் பிடிக்காது. இதில் எவ்வளவு நேர்மை, எவ்வளவு என் பெயர் மேலுள்ள அக்கறை என்று பிரித்துப் பார்க்கப் போனால் குழப்பம்தான்.

இப்போது ஒரு தொலைக்காட்சி சுருக்கமான வடிவம் கேட்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றேன். "கையெழுத்து வாங்கியிருக்கிறோமே" என்றார் இயக்குநர். கேட்டால் வேண்டாம் என்பார், அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றாலும் நான் வைக்கத்தான் போகிறேன் என்றால், எதற்காக அவரைக் கூப்பிடுவது?